17,200 ரூபாய்க்கு ஒரு பர்ஸ்

என் பின்பாக்கெட்டில் இருக்கிற பர்ஸின் அடக்கவிலை 17,200 ரூபாய். கூட்டிச் சொல்லவில்லை. நான் கடைக்காரன், துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டேன், எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன். இதில் 1,850 ரூபாய் ஆஸ்பத்திரிக்குப் போனது. இடது கட்டைவிரலில் விழுந்த நாலு தையலுக்குத் தனியாக விலை போடவில்லை. 2023 ஜூனில் ஆரம்பித்தது, 2024 பிப்ரவரியில்தான் முடிந்தது. இதே அளவு பர்ஸ் திருநெல்வேலி டவுண் ரதவீதியில் 400 ரூபாய், கொஞ்சம் நின்று பேசினால் 350-க்குத் தருவார்கள். அதில் தையல் இதைவிட நேராகவும் இருக்கும். தோல் வேலையைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று நம் பக்கம் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், நான் விழுந்த குழியை விட்டுவிட்டு வேறு குழியிலாவது விழட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டையில் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை. கல்லூரிகளுக்கு லீவு விட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு மே மாதத்தில் என் பழைய பர்ஸ் உரிய ஆரம்பித்தது. உள்ளே 'ஜெனுவின் லெதர்' என்று பொன்னெழுத்து. உரிந்த இடத்தில் பார்த்தால் துணி மாதிரி ஏதோ தெரிகிறது. ஏமாந்துவிட்டோமே என்ற ஆத்திரத்தில் படிக்கத் தொடங்கினேன். தோலைப் பிளந்து எடுத்த கீழ் அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றினாலும் அதைத் தோல் என்று விற்கலாம், தோல்தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கி விற்கிறவர்களும் உண்டு. நல்ல தோல் தேயும், கறுக்கும், கீறல் விழும், ஆனால் பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரியாது. அப்போது வந்த யோசனைதான், நாமே ஒன்று செய்தால் என்ன? இருபது வருஷமாக பைண்டிங் பண்ணுகிறேன். அட்டை வெட்டுகிறேன், காலிகோத் துணி ஒட்டுகிறேன், ஊசியில் நூல் கோத்துத் தைக்கிறேன். தோல் என்ன பெரிய தோல் என்று நினைத்தேன். பாதிப் பணம் அந்த நினைப்புக்கே போனது.

முதல் தப்பு பெட்டி. 63 சாமான்கள் அடங்கிய தொகுப்பு என்று ஆன்லைனில் 3,450 ரூபாய்க்கு வாங்கினேன். பிரித்துப் பார்த்தபோது தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டி பிரித்த சந்தோஷம். எண்ணிப் பார்த்தால் அதில் 20 சாமான் பூ, இலை, நட்சத்திரம் என்று முத்திரை குத்துகிற ஆணிகள். இன்றுவரை பர்ஸுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. மூன்று கத்தி இருந்தது, மூன்றும் தகரத்துக்குத் தம்பி. தையல் துளை போடுகிற பல் உளி இருக்கிறதே, முள்கரண்டி மாதிரி வரிசையாகப் பல் இருக்கும், அதன் பற்களின் பக்கங்களை ஒழுங்காகத் தேய்த்தே விடவில்லை. அடித்தால் தோலுக்குள் இறங்கும், வெளியே வராது. பிடுங்கினால் துளை கிழியும். கடைசியில் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பல் உளி ஒன்றும் ஆறு பல் உளி ஒன்றும் 1,300 ரூபாய்க்குத் தனியாக வாங்கினேன். நேர்க்கோட்டுக்கு ஆறு பல், வளைவுக்கு இரண்டு பல். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு பர்ஸுக்கு உண்மையில் வேண்டியது ஒரு நல்ல கத்தி, இரும்பு ஸ்கேல், இந்த இரண்டு உளி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, மெழுகு ஏற்றிய நூல், ஒரு கொட்டாப்புளி, வெட்டுவதற்கு அடியில் ஒரு கட்டிங் மேட், கத்தி தீட்டக் கல். அவ்வளவுதான். கொட்டாப்புளி மரத்தில் இருக்கட்டும். நான் வீட்டுச் சுத்தியலால் அடித்து உளியின் தலையை வாழைப்பூ மாதிரி விரித்துவிட்டேன். கட்டிங் மேட் என் கடையிலேயே விற்கிற சரக்கு, அதையும் பெட்டியோடு காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

அடுத்தது தோல். நெல்லைச் சீமையில் தோல் கிடைக்காமலா போகும் என்று தவிலுக்குத் தோல் கட்டுகிறவர் ஒருவரைத் தேடிப் போனேன். நான் கேட்டதும் சிரித்துவிட்டார். "மொதலாளி, இது பச்சைத்தோலு. காஞ்சா பலகை, நனைஞ்சா நாத்தம். இதுல பர்ஸ் தச்சு பையில வச்சீங்கன்னா பின்னாலயே நாய் வரும்" என்றார். அன்றைக்குத்தான் மயிர் நீக்கிக் காயவைத்த தோலும் பதனிட்ட தோலும் வேறு வேறு என்று தெரிந்தது. மேளத்துக்கு முதலாவது, பர்ஸுக்கு இரண்டாவது. இந்த ஒரு பாடம் மட்டும் இலவசமாகக் கிடைத்தது.

அப்புறம் ஆன்லைனில் 1,650 ரூபாய்க்குத் 'தூய தோல்' துண்டுகள் வந்தன. கன்னுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருந்தது, எனக்கு ஒரே பெருமை. தண்ணீர் தொட்டு மகளின் பெயர் எழுத்தைக் குத்திப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் எழுத்து மறைந்துவிட்டது. ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்று வீடியோவில் பார்த்ததைச் செய்தேன், ஓரம் பஞ்சு மாதிரி பிரிந்துகொண்டு நின்றது. என் கையில்தான் வேலை இல்லை என்று இரண்டு வாரம் நொந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது குரோம் தோல். குரோமிய உப்பில் பதனிடுவது சீக்கிரம் முடிகிற வேலை. தோல் மிருதுவாக இருக்கும், தண்ணீருக்கும் தாங்கும், ஆனால் முத்திரையைப் பிடித்து வைக்காது, ஓரமும் தேய்த்தால் படியாது. இன்னொன்று மரப்பட்டையில் பதனிடுவது. நம்மூர்ப் பழைய முறை அதுதான், ஆவாரம் பட்டையில் ஊறப்போட்டுக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் கொடுப்பார்கள். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தோல் அந்தக் காலத்திலேயே கப்பலேறியது. ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று இன்னும் அதே பெயரில் புழங்குகிறது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆவாரம்பூவைப் பொங்கலுக்கு வாசலில் கட்டுகிற ஊர்க்காரன், அதன் பட்டையில் தோல் பதனிடுவார்கள் என்பதை நாற்பத்துமூன்று வயதில் கற்றுக்கொண்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலப வழி, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத்தோல் குறுக்குவெட்டில் முழுக்கப் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமும் சாம்பலுமாக ஒரு கோடு தெரியும். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் நின்றால் பட்டைத்தோல். மோந்து பார்த்தாலும் ஓரளவு தெரியும், பட்டைத்தோலில் நனைந்த மரத்தின் வாடை வரும்.

சரி, பட்டைத்தோல்தான் வேண்டும் என்று ஆகஸ்டில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கிப் பெரியமேட்டுக்கு நடந்தே போனேன். பெரியமேடு தோல் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம். கடை கடையாகத் தோலைச் சுருட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள், மூக்கு நிறைய வாடை. இங்கே செய்த தப்பு முழுக்க என்னுடையது. வீடியோக்காரர்கள் தோலின் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், அங்குலத்தில் அறுபத்துநாலில் ஒரு பங்கு. நான் பெல்ட்டுக்குச் சொன்ன 8, 9 அவுன்ஸை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு பர்ஸுக்கு அதையே கேட்டேன். கடைக்காரர் "எத்தனை எம்எம்?" என்று கேட்டபோது மனக்கணக்குப் போட்டு மூன்றரை என்றேன். என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எருமைத்தோலில் ஒரு பக்கம், 18 சதுர அடி, அடி 180 வீதம் 3,240 ரூபாய். போக்குவரத்து, சாப்பாடு 1,400. பாயைச் சுருட்டிக் கொண்டுவருகிற மாதிரி அதைச் சுருட்டி அப்பர் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துத் தூங்காமல் வந்தேன். பர்ஸுக்கு 1 மில்லிமீட்டர் போதும், மிஞ்சிப் போனால் வெளிப்பக்கத்துக்கு ஒன்றரை. மூன்றரையில் பர்ஸ் தைத்தால் அதில் உட்காரத்தான் முடியும்.

தோல் வாங்கப் போகிறவர்கள் தடிமன் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன செய்யப் போகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வியாபாரிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தோலை முழுசாக விரித்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு, இழுத்தால் நீளும். பெல்ட்டுக்கு வயிற்றுத்தோலை வெட்டினால் ஆறு மாதத்தில் இரண்டு துளை கூடுதலாகப் போடவேண்டி வரும். முதல் தோலையே முழுப்பக்கமாக வாங்காதீர்கள், வெட்டுத்துண்டு கேளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். மொத்தக் கடையில் போய்த் துண்டு கேட்டால் மதிக்கமாட்டார்களோ என்ற வீண் கௌரவம்.

வீட்டில் அம்மாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சுருளைப் பார்த்ததும், "ஏல, படிச்சுக் கடை வச்சிருக்க, இந்தச் சவத்தை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டிருக்க? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பான்?" என்றாள். அந்த நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யார் செய்யவேண்டிய வேலை இது என்று நினைப்பார்கள். வாசலில் கிடந்தது அவளுடைய தோல் செருப்பு. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை, பயந்துகொண்டு தோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பின்னால் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் வினை வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மில்லிமீட்டர் தோலை எப்படியாவது ஓரத்தில் சீவி மெலிதாக்கிப் பயன்படுத்திவிடலாம் என்று பெட்டிக் கத்தியோடு உட்கார்ந்தேன். கத்தி இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். இடது கையால் தோலை முன்னால் பிடித்துக்கொண்டு வலது கையால் தள்ளுகிறேன். ஒரு இடத்தில் சிக்கி நின்றது. தோள் பலத்தையும் சேர்த்துத் தள்ளினேன், சட்டென்று விட்டுவிட்டது. வலி முதலில் தெரியவில்லை. தோலில் சிவப்பாகச் சொட்டு விழுவதைப் பார்த்துக் கறை பட்டுவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் விரலைப் பார்த்தேன். மனைவி டவலைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு தையல், டிடி ஊசி, மருந்து. டாக்டர் கத்தியைப் பற்றித்தான் கேட்டார். "மழுங்கின கத்திங்களா?" என்றார். ஆமாம் என்றதும், "அதான் வெட்டு இப்படிப் பிசிறா இருக்கு" என்றார். கூரான கத்தி என்றால் பயப்பட வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது, அழுத்துகிற கை கட்டுப்பாட்டில் இருப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து, தெருவில் சைக்கிளில் சாணை பிடித்துக்கொண்டு வந்தவரிடம் மூன்று கத்தியையும் கொடுத்தேன். 40 ரூபாய். பொறி பறக்கப் பறக்கப் பிடித்தார். தொட்டால் கூர், ஆனால் இரண்டு சீவலில் மறுபடி மொட்டை. வெட்டுகிற நுனியில் நீலம் பாய்ந்திருந்தது. சூடேறி 300 டிகிரி பக்கம் போனால் அந்த நீலம் வரும், சாதாரணக் கார்பன் எஃகு அதோடு தன் கடினத்தை இழந்துவிடும். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய கத்தியைக் கொடுக்கக்கூடாது. அருவாமனைக்கு அது சரி, தோல் கத்திக்கு ஆகாது.

பாளை பஸ் நிலையத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. என் கடையில் அப்பா உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து அங்கே இருக்கிறார். "எப்பா, இந்த வாரைத் தச்சுக் கொடு" என்பதற்கு மேல் அவரிடம் நான் பேசியதே இல்லை. வயதில் என் அப்பாவுக்கு நாலைந்து வருஷம் இளையவராக இருப்பார். கட்டுப்போட்ட விரலோடு ஒரு மதியம் தோல் துண்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய், "அண்ணாச்சி, இதை எப்படிச் சீவுறது?" என்றேன். அண்ணாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு கத்தியை வாங்கினார். நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றும் சொல்லாமல் என் மடியிலேயே திரும்பப் போட்டார்.

அவருடைய கத்தி, லேத் பட்டறையில் தேய்ந்துபோய்க் கழித்துப்போட்ட பெரிய ஆக்ஸா பிளேடு. ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்த்து, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் துளை போட்டு வைத்திருந்ததை அமுக்கிக் கல்லை நனைத்தார். சரிவைக் கல்லில் படியவைத்து, இரண்டு விரலால் நுனிக்கு மிக அருகில் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்தார். முதலில் கரகரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்து சர்ர்ரென்று ஆனது. அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார், கண்ணால் பார்க்கவே இல்லை. திருப்பி, தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. பிறகு ஒரு பழைய செருப்பின் உள்தோலில் பின்பக்கமாக ஏழெட்டுத் தடவை இழுத்தார், சலூனில் சவரக்கத்தியை வாரில் இழுப்பார்களே, அப்படி. என் தோலை ஒரு கடப்பாக்கல் துண்டின் மேல் வைத்தார், கத்தியை வெளிப்பக்கமாகத் தள்ளினார். என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அதே எருமைத்தோல், வாழைத்தண்டு சீவின மாதிரி வளையமாகச் சுருண்டு விழுந்தது. "கத்தி போற பாதையில சதை இருக்கப்பிடாது மொதலாளி. பிடிக்கிற கை எப்பவும் கத்திக்குப் பின்னாடி" என்றார். அது மாதிரி ஒரு கத்தி செய்து தரச் சொன்னேன். அறுபது கேட்டார், நூறு கொடுத்தேன். இன்றைக்கு வரை நான் தோலைத் தொடுவது அந்த ஒரு கத்தியால்தான்.

கத்தி கிடைத்துவிட்டது, தீட்டத் தெரியவேண்டுமே. அக்டோபர், நவம்பர் முழுக்க ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்து தீட்டுகிறதுதான் வேலை. 1000, 3000 என்று இரண்டு தரத்தில் கல், தீட்டுவதற்குத் தோல் ஒட்டிய பலகை, அதில் தேய்க்கப் பச்சைப் பாலிஷ் கட்டி, எல்லாமாக 2,200 ரூபாய். முதல் ஒரு மாதம் ஒவ்வொரு தீட்டலும் கத்தியை இன்னும் மோசமாக்கியது. காரணம், இழுக்கும்போது மணிக்கட்டு ஆடுகிறது, நுனி உருண்டுவிடுகிறது. இதற்கு என் கடைச் சரக்கே உதவியது. சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டுக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது. நுனியில் மை அப்படியே இருந்தால் நீங்கள் கத்தியைத் தீட்டவில்லை, கத்தியின் தோளை, அதாவது சரிவு தொடங்குகிற மேல்விளிம்பைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது, பிசிறு. ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்க நுனியில் நூல் மாதிரி உலோகம் மடங்கி நிற்கும். முதுகிலிருந்து நுனியைத் தாண்டி வெளியே போகிற மாதிரி விரலை இழுத்தால் தட்டும், நுனியின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள். அந்தப் பிசிறு நுனி முழுக்க வராமல் அடுத்த கல்லுக்குப் போனால் அத்தனையும் வீண். எனக்கு இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் ஒரு மாதம் போனது. பிசிறு வந்த பிறகு தட்டையான பக்கத்தை ஒரே இழுப்பு, அப்புறம் நைசான 3000 கல், கடைசியில் தோல்பலகை. பலகையில் எப்போதும் முதுகு முன்னால் போகட்டும், நுனி முன்னால் போனால் பலகையை அறுத்துவிடும். ஒரு பக்கச் சரிவுள்ள கத்தியில் மறுபக்கம் கண்ணாடி மாதிரித் தட்டையாகவே இருக்க வேண்டும். பெட்டிக் கத்தியில் அது தெரியாமல் இரண்டு பக்கமும் சரிவு வைத்து மூன்றையும் கெடுத்தேன். கல்லும் நாளாக நாளாக நடுவில் குழிந்துவிடும், தடித்த கண்ணாடிமேல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புக்காகிதத்தை விரித்து அதில் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளலாம். தாளை வெட்டிக் காட்டுகிற சோதனையில் மயங்காதீர்கள், நான் தாள் வியாபாரி, சொல்கிறேன், சுமாரான கத்தியும் தாளை வெட்டும். தோல் துண்டின் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். இப்போது வேலைக்கு உட்கார்ந்தால் இருபது வெட்டுக்கு ஒருதரம் கத்தியைப் பலகையில் இழுத்துக்கொள்கிறேன், கல்லுக்குப் போவது வாரத்துக்கு ஒருமுறைகூட இல்லை.

தையல் எனக்குச் சுலபமாக வந்தது, பைண்டிங் பழக்கம். ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் விடுவது. தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறதோ அதுவே கடைசிவரை முதலில் போகவேண்டும், மாறினால் தையல் கோணும். ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன், இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டே போகும்.

எருமைத்தோலில் சாவிக்கொத்து, வார் என்று பழகி ஆறு சதுர அடி தீர்த்திருந்தேன். மிச்சம் பெல்ட்டுக்கு என்று வைத்திருந்த நேரத்தில் டிசம்பர் 17, 18 வந்தது. எங்கள் வீடு மீனாட்சிபுரத்தில். தாமிரபரணியில் தண்ணீர் வந்து குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது எங்களுக்குப் புதிதில்லை, வேடிக்கை பார்க்கப் போவோம். அந்த முறை ஆறு எங்களைப் பார்க்க வந்தது. அம்மாவையும் பிள்ளையையும் மாடிக்கு ஏற்றுவதிலேயே ராத்திரி போய்விட்டது, கட்டிலுக்கு அடியில் இருந்ததை யார் நினைத்தார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு சுருளை இழுத்தால் சேற்றில் ஊறிய மெத்தை மாதிரி கனம். ஊரில் வீடு போனவர்கள், மாடு போனவர்கள், கடையே போனவர்கள் இருக்கும்போது தோல் நனைந்துவிட்டது என்று யாரிடம் சொல்ல? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அவசரத்தில் அதை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் இரும்புக் கிராதியில் வெயிலில் போட்டேன். இரண்டு நாளில் அப்பளம். மடித்தால் மேல்தோல் வெடித்தது. அதைவிட, கிராதிக் கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பட்டை விழுந்துவிட்டது. மை விற்கிற எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பு உப்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. என் தோல் முழுக்க அதே துவர்ப்புத்தானே ஊறியிருக்கிறது. ஈரமான பட்டைத்தோலை இரும்பில் வைத்தால் மைக்கூட்டில் வைத்த மாதிரிதான். லேசான கறை என்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போகிறது, என் கறை போகவில்லை. தேங்காய் எண்ணெயை ஊற்றி மிருதுவாக்கப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய அப்பளமாக ஆனது. மூலையில் ஒரு துண்டு தற்செயலாக உள்ளே ஃபேனுக்கு அடியில் கிடந்தது, அது மட்டும் பிழைத்தது. தோல் நனைந்தால் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித்துணியால் ஒற்றி, நிழலில் காற்றில் போடுங்கள். முழுசாகக் காய்வதற்கு முன் கொஞ்சமாக எண்ணெய் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜனவரியில் பெரியமேட்டுக் கடைக்காரருக்கே போன் போட்டேன். பர்ஸுக்கு என்று சொன்னேன், இந்த முறை எம்எம் நானே முதலில் சொன்னேன். 1 மில்லிமீட்டர் பட்டை ஆட்டுத்தோல், 6 சதுர அடி 840 ரூபாய், பார்சல் 180. அதில் முதலில் தைத்த பர்ஸ் அழகாகத்தான் வந்தது, ஏடிஎம் கார்டு மட்டும் உள்ளே போகவில்லை. கார்டு 85.6 மில்லிமீட்டர் அகலம், நான் தையலுக்கு இடையில் 86 விட்டிருந்தேன். தாளில் சரியாக இருந்த அளவு தோலில் சரியாக இருக்காது, தோலுக்குத் தடிமன் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து மில்லிமீட்டராவது கூடுதல் விடுங்கள். தைப்பதற்கு முன் அட்டையில் வெட்டி கிளிப் போட்டுக் கார்டை நுழைத்துப் பாருங்கள். இரண்டாவது பர்ஸில் அந்தக் கூடுதலை விட்டேன். ஓரத்தை 400 நம்பர் உப்புக்காகிதத்தில் தேய்த்து, துளி ஈரம் காட்டி, கடைசல் கட்டையால் சூடு வரும்வரை உரசினேன். அந்தக் கட்டை அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிறவரிடம் என் மச்சினன் கேட்டு வாங்கி வந்தது, தேக்கு, காசு வாங்கவில்லையாம். ஓரம் கறுத்துக் கண்ணாடி மாதிரி வந்த அந்த ராத்திரி, இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன். பெரியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத் தையலில் நகத்தை ஓட்டினார். "இங்கன ஆடுது தம்பி" என்று ஒரு இடத்தைக் காட்டினார். ஆடத்தான் செய்தது. பிறகு, தான் செய்துகொடுத்த கத்தியைக் கேட்டு வாங்கினார். முன்கையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மயிர் சுத்தமாக வந்தது. கத்தியைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்லுல தீட்டுன? அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

3000 தரத்தில் ஒரு கல் அவருக்காக ஆர்டர் போட்டிருக்கிறேன். அது இந்த 17,200-இல் சேரவில்லை. வியாழக்கிழமை வந்துவிடும் என்று காட்டுகிறது.